ஐஸ் கொம்பனி டயனா எல்லாரிடமும் கேட்டாள்

டயனாவுக்கு வாய் சும்மா இருக்காது என்று ஊரில் சொல்வார்கள். அது முழுக்க நியாயமான பேச்சல்ல. அவள் வம்பளப்பவள் அல்ல. ஒரு வீட்டுக் கதையை இன்னொரு வீட்டில் கொண்டுபோய் இறக்குபவளும் அல்ல. அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் மடியில் ஒரு பெட்டி வைத்திருந்தால், அதற்குள் என்ன என்று தெரியாமல் அவளால் இறங்க முடியாது. ஒருமுறை மதுரங்குளிச் சந்தியில் இறங்க வேண்டியவள், முன் சீட்டுக்காரர் ஏன் ஒற்றைச் செருப்போடு பயணம் போகிறார் என்ற காரணம் வெளியே வரும்வரை பொறுத்திருந்து, அதைத் தாண்டி முந்தல் என்ற ஊரில் போய் இறங்கினாள். மற்றச் செருப்பு அவருடைய மனைவியின் கையில் இருந்ததாம். திரும்பி வர இன்னொரு பஸ் பிடிக்க வேண்டியிருந்தாலும் டயனாவுக்கு அது நட்டமாகத் தெரியவில்லை.

நுரைச்சோலைக்கும் கற்பிட்டிக்கும் நடுவே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் அலையில்லாத களப்புமாக நீண்டு கிடக்கும் மணலில் அவளுடைய ஊர். அங்கே நிக்கொலஸ் முதலாளியின் ஐஸ் கொம்பனியில், ஐஸ் கொடுக்கும் யன்னலில் அவளுக்கு வேலை. முதலாளி சிலாபத்தில் இருப்பவர். வாரத்தில் இரண்டு தரம் வந்து தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் யன்னலுக்கு டயனாதான் ராணி. கணவருக்கு அனல் மின் நிலையத்தில் ஷிஃப்ட் வேலை. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தூங்குவார். வீட்டில் கேள்வி கேட்க ஆளில்லாததால் வெளியே இரண்டு மடங்கு கேட்கிறாள் என்று ஊரில் சிரிப்பார்கள்.

ஆனால் அந்த யன்னலில் மட்டும் அவள் வாயை இறுக்கி மூடிக்கொள்ள வேண்டும். கடலுக்குப் போகிறவனிடம் எங்கே போகிறாய், எப்போது வருவாய், என்ன வலை என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பது அந்தக் கரை முழுவதும் உள்ள நம்பிக்கை. வேலைக்கு வந்த புதிதில் ஒரு நாள், தெரிந்த மனிதர்தானே என்று ஒருவரிடம் "இண்டைக்கு எங்கால?" என்று கேட்டுவிட்டாள். அவர் தூக்கிய ஐஸ் பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார். அன்று முழுதும் அவருடைய போட் கரையிலேயே கிடந்தது. அவருடைய மனைவி டயனாவோடு மூன்று மாதம் கதைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் கேட்காமலே தெரிந்துகொள்ளப் பழகினாள். நிறைய ஐஸ் எடுத்தால் தூரக் கடல். உடைத்த ஐஸ் கேட்டால் சூடை மீனுக்கான வலை. பெரிய கட்டியாகவே கேட்டால் இரண்டு நாள் தங்கல். இப்படிப் பதினொரு வருடம் பார்த்ததில், கரையில் உள்ள ஒவ்வொரு போட்காரனுடைய மனதும் தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். அவளுடைய தம்பி ஜூட்டின் விஷயத்திலும் அப்படித்தான். தாய் இறந்த பிறகு அவனை வளர்த்தவள் அவள். இருந்தும் அவனுடைய கடல் கதையை அவள் கேட்டதில்லை, அவன் சொன்னதுமில்லை.

இந்த வருடம் தை மாதம் ஐஸ் தொட்டியின் அடித் தகடு துருப்பிடித்து உக்கிப் போயிற்று. ஒட்டுப் போட்டுப் பார்த்தார்கள், நிற்கவில்லை. நிக்கொலஸ் முதலாளி சிலாபத்திலிருந்து வந்து, தொட்டியைச் சுற்றி நடந்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு டயனாவைக் கூப்பிட்டார்.

"புதுசு ஒண்டு போடத்தான் வேணும். ஆனா ஒண்டுதான் போட ஏலும். பழையபடி போட்காரருக்குப் பெரிய கட்டியா ஐஸ் பார் அடிக்கிற தொட்டி போடுறதா, இல்லாட்டி ஹோட்டல்காரருக்குக் கியூப் ஐஸ் அடிக்கிற மெசின் போடுறதா? நீ ஊருக்குள்ள போய்க் கேட்டு வா. உனக்குத்தான் அது கைவந்த வேலையே."

"என்னத்தைக் கேக்க முதலாளி?"

"ரெண்டு விசயம். யாருக்கு என்ன வேணும். மற்றது, அவங்களால என்ன செய்ய ஏலும்."

"ரெண்டும் ஒண்டுதானே."

"போய்ப் பாரு, விளங்கும்" என்றார்.

சம்பளமும் கொடுத்து ஊரெல்லாம் கேள்வி கேட்கச் சொல்கிறார்கள். டயனாவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. ஆனால் ஜூட்டை நினைத்துக் கவலையும் இருந்தது. அந்தக் கரையில் சொந்தமாக ஐஸ் வாங்க வழியில்லாதவன் மீன் வாங்கும் முதலாளியிடம்தான் போக வேண்டும். அவர் ஐஸ் தருவார், எண்ணெய் தருவார். பிடித்த மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். ஜூட் அப்படித்தான் றஸீன் நானாவின் ஆளாக ஆறு வருடம் கிடந்தான். இந்த யன்னலில் ஐஸ் எடுத்துத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வந்தான். இப்போது அவன் மீனை அவன் விரும்பியவருக்கு விற்கிறான். ஐஸ் பார் நின்றால் தம்பி திரும்பவும் அங்கேதான் போய் நிற்க வேண்டும். அது நடக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே டயனா குடையை எடுத்தாள்.

முதலில் போனது ஸுலைஹாவிடம். கடற்கரைப் பக்கம் கருவாடு போடுகிறவர் அவர். அக்கா முறைக்கு டயனா அவரை ராத்தா என்றுதான் கூப்பிடுவாள். வலை விரித்த பந்தலில் கீரி மீனைப் பரப்பிக்கொண்டிருந்த ராத்தா, கேள்வியைக் கேட்டதும் கையை நிறுத்தவேயில்லை.

"எனக்கா? எனக்கு ஒரு ஐஸும் வேணாம். நீங்க ஐஸ் குடுத்தா மீன் கொழும்புக்குப் போகும். ஐஸ் இல்லாட்டி மீன் இளகும், எனக்குக் கொறஞ்ச வெலைக்கு வரும். காத்துக்கு வயர் அறுந்து கரண்ட் போற நாளெல்லாம் எனக்குப் பெருநாள் புள்ள."

"அப்ப கொம்பனி பூட்டினா சந்தோசமா ராத்தா?"

"பூட்டினா ரெண்டு ரக்காத் சுன்னத்துத் தொழுவேன். ஆனா என்ட பேச்ச யாரு கேக்கப் போறாங்க? வந்ததுக்கு இதைக் கொண்டு போ" என்று ஒரு பிடி கருவாட்டைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தார்.

பதினொரு வருடமாகத் தான் விற்ற ஒவ்வொரு ஐஸ் கட்டியும் இந்த மனுஷியின் வயிற்றில் அடித்தது என்று டயனாவுக்கு அன்றுதான் தெரியும். ராத்தா ஒரு நாளும் முகத்தைத் திருப்பியதில்லை. நோன்புக்குக் கஞ்சி அனுப்பாமல் விட்டதுமில்லை. இது என்ன மனம் என்று வியந்துகொண்டே அடுத்த வளவுக்குப் போனாள்.

றஸீன் நானா லொறிக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். கொம்பனி ஐஸ் நின்றால் கொள்ளை சந்தோசப்படும் ஆள் இவர்தான் என்று ஊரே நினைத்திருந்தது. டயனாவும் அப்படி நினைத்துத்தான் கொஞ்சம் முறைத்துக்கொண்டு போனாள்.

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான் தங்கச்சி" என்றார் அவர். "பார் இருந்தா ஐஸ் குடுக்கிற காசு மிச்சம். பார் இல்லாட்டி எனக்கு ஆள் கூடும். ஐஸ் குடுத்து ஆள் பிடிக்கிறது லேசான வேலையெண்டா நினைக்கிறீங்க? புத்தளத்தில இருந்து ஏத்தி வாறதுக்குள்ள பாதி தண்ணியாப் போகுது. மீன் வராட்டி அந்தத் தண்ணிய நான் யார்ட்டப் போய்க் கேக்க?"

"அப்ப முதலாளி எதைப் போட்டாலும் நீங்க ஒண்டும் சொல்ல மாட்டீங்களா?"

"சொன்னாக் கேப்பார். பத்துப் போட் என்ட சொல்லுக்கு நிக்கும். ஆனா எதுக்குச் சொல்ல?"

டயனா வெளியே வந்து வேலியோரம் சற்று நின்றாள். ராத்தாவுக்கு ஆசை மலையளவு, செய்யக்கூடியது ஒன்றுமில்லை. இவர் நினைத்தால் என்னவும் செய்யலாம், ஆசைதான் இல்லை. முதலாளி ஏன் கேள்வியை இரண்டாகப் பிரித்தார் என்பது அவளுக்கு அப்போது பிடிபட்டது. அவளுக்கு அது புதிதாக ஒரு விளையாட்டுக் கிடைத்ததுபோல இருந்தது. வழியில் கண்டவர்களையெல்லாம் மனதுக்குள் அந்த இரண்டு கேள்வியாலும் அளந்துகொண்டே நடந்தாள். கோயில் பாதரை அளந்தாள், கிராம சேவகரை அளந்தாள், எதிரே வந்த பால்காரனைக்கூட விடவில்லை.

களப்புப் பக்கத்தில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர் தங்கும் ஹோட்டல்கள் இருந்தன. அதில் பெரியதில் மனேஜராக இருந்தவர் கொழும்புப் பொடியன். டயனாவை உள்ளே கதிரையில் இருத்தி, ஐஸ் கட்டி போட்ட தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்து, சிங்களத்தில் மரியாதையாகப் பேசினார். அவளும் சிங்களத்திலேயே கேட்டாள். கியூப் ஐஸ் இங்கே கிடைத்தால் நல்லது என்றார். கிடைக்காவிட்டால் வழமைபோல வெளியிலிருந்து எடுப்போம் என்றார். இவ்வளவு பேரும் அடிபடும் விஷயம் இந்த மனிதருக்குத் தேசிக்காய்த் தண்ணீர் அளவுக்குத்தான் இருந்தது. அவள் எழும்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். ஐஸ் நல்ல தண்ணீரில் செய்ததாக இருக்க வேண்டும். வாயில் போட்டால் உப்புக் கரிக்கக் கூடாது. முதலில் தண்ணீரைச் சோதித்துப் பார்த்துத்தான் எடுப்பார்களாம்.

டயனா கிளாஸில் மிச்சமிருந்த கட்டியைக் கடித்துப் பார்த்தாள். கரிக்கவில்லை. கொம்பனிக் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். மீனுக்கு அது போதும். மீன் முறைப்பாடு செய்ததில்லை. கியூப் ஐஸுக்கு அது சரிவராது. அப்படியானால் அந்தப் பக்கத்தில் நல்ல தண்ணீர் யாரிடம் இருக்கிறது? யோசிக்க யோசிக்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொம்பனிக்குப் பின்னால் உள்ள வளவில், தங்கரத்தினத்தின் கிணறு ஒன்றுதான்.

தங்கரத்தினம் யாழ்ப்பாணத்தவர். சண்டைக் காலத்தில் பெண்சாதி பிள்ளைகளோடு வந்து, ஒரு துண்டுக் காணி வாங்கி வெங்காயம் வைத்தவர். முப்பது வருடம் ஆன பிறகும் ஊருக்கு அவர் வந்த ஆள்தான். கூட்டங்களுக்கு அவரைக் கூப்பிடுவதில்லை, கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதுமில்லை. டயனாவைப் படலையில் கண்டதும் அவர் மண்வெட்டியைச் சாத்திவிட்டு வந்தார்.

"என்னட்டயோ கேக்க வந்தனீ பிள்ளை? இந்த ஊரில என்னட்ட அபிப்பிராயம் கேட்ட முதல் ஆள் நீதான்."

அவள் விஷயத்தைச் சொன்னாள். நிக்கொலஸ் முதலாளி கியூப் ஐஸ் போடுவதானால் இந்தக் கிணற்றுத் தண்ணீர் வேண்டியிருக்கும், தருவீர்களா என்று கேட்டாள். அவர் கிணற்றடிக்குப் போய் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"தண்ணி குடுக்கிறது புண்ணியம்தான். பக்கத்து வளவு மனிசனோட எனக்குப் பகையும் இல்லை. நீ என்ன சொல்லுறாய் பிள்ளை, குடுக்கட்டோ, விடட்டோ?"

எல்லாரிடமும் கேள்வி கேட்கும் டயனாவிடம் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அது உங்கள் விருப்பம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவளை அனுப்பியது கேட்கத்தானே, சொல்ல அல்லவே. ஆனால் அந்த நேரம் ஜூட் அவள் கண்ணில் நின்றான். கொஞ்ச நாளாக அவன் ஐஸ் குறைவாகத்தான் எடுக்கிறான். தொட்டி ஓட்டையால் யன்னலில் தட்டுப்பாடு என்று விட்டுக்கொடுக்கிறான் போலும், பாவம் என்று அவள் நினைத்திருந்தாள்.

"போன வருசம் கரையோரம் மோட்டார் போட்டு இறைச்சவங்கட கிணறெல்லாம் உப்பாப் போச்சு அண்ணை" என்றாள். "ஐஸுக்கு இறைக்கிறதெண்டா நாள் முழுக்க இறைக்க வேணும். பிறகு உங்கட வெங்காயம் கருகினா ஒருத்தரும் வந்து கேக்க மாட்டாங்க."

தங்கரத்தினத்தின் முகம் மாறியது. அவர் குனிந்து வெங்காயத் தாள் ஒன்றைத் தடவிப் பார்த்தார். தரமாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லச் சொன்னார்.

போட்காரரிடம் அவள் போகவில்லை. அவர்களுக்கு என்ன வேண்டும் என்று பதினொரு வருடம் யன்னலில் நின்றவளுக்குத் தெரியாதா? ஜூட்டிடமும் போகவில்லை. சொந்தத் தம்பியிடம் கேட்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டாள்.

அடுத்த முறை முதலாளி வந்தபோது ஒவ்வொருவராகச் சொன்னாள். ராத்தாவின் பெருநாள் கதைக்கு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். றஸீன் நானாவின் பேச்சுக்குத் தலையாட்டினார். கிணற்றுக் கதை வந்ததும் சிரிப்பு நின்றது.

"ஒரு மோட்டாரைப் போட்டா முடிஞ்சுது எண்டெல்லோ நான் நினைச்சேன். அந்த மனிசன் மாட்டேன் எண்டு சொல்லுவார் எண்டு யோசிக்கவே இல்ல" என்று வாயைக் கோணினார். பவுசர் லொறியில் தண்ணீர் எடுத்தால் கட்டாது என்றும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கடைசியில் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "சரி, அப்ப பார்தான். தொட்டிக்கு இண்டைக்கே சொல்லிடுறேன். ஜூட்டுக்கு நீயே சொல்லிடு."

சொல்லாமல் இருப்பாளா? போகிற வழியில் கடையில் சீனி தூவிய கிம்புலா பணிஸ் வாங்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கு ஓடினாள். ஜூட் முற்றத்தில் எஞ்சினைக் கழற்றி வைத்திருந்தான். அவன் மனைவி நிசாந்தி நிறைமாத வயிற்றோடு வாசலில் இருந்து வலைக்கு நூல் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஜூட், பயப்பிடாத. ஐஸ் பார் நிக்காது. கியூப் கதை முடிஞ்சுது. நான்தான் முடிச்சேன்" என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்க, தான் எங்கெங்கே போனாள், தங்கரத்தினத்திடம் எப்படிக் கதைத்தாள் என்பதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள்.

நிசாந்தி நூலைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஜூட் கையில் இருந்த துணியால் ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

"கியூப் ஐஸ் வந்தா, அதைக் களப்பால ஹோட்டல்களுக்குப் போட்டில கொண்டுபோய்க் குடுக்கிற வேலைய எனக்குத் தாறேன் எண்டவர் முதலாளி" என்றான். "நான்தான் போய்க் கேட்டது. கரையில ஏதும் வேலை தாங்க எண்டு மூண்டு மாசமா அவரைக் கெஞ்சிக்கொண்டு இருக்கிறேன்."

"உனக்கு என்னத்துக்கு அந்த வேலை? நீ கடல்காரன்."

அவன் அவளைப் பார்க்கவில்லை. "எனக்கு ஏலாது அக்கா. போன கச்சான் காத்துக்குப் போட் கவிழ்ந்ததில இருந்து எனக்குக் கடல் பயம். கரை மறைஞ்சா கை நடுங்குது. கூட வாறவன் காணாம இருக்க, கைய கால் இடுக்கில வச்சுக்கொண்டு இருக்கிறேன். இப்ப கரை தெரியிற இடத்திலயே வலைய விட்டுட்டு வாறேன்."

போன கச்சான் காற்றில் ஜூட்டின் போட் கவிழ்ந்தது ஊருக்கே தெரிந்த கதை. கவிழ்ந்த போட்டைப் பிடித்துக்கொண்டு கிடந்தவனை வேறு போட்காரர் தூக்கி வந்தார்கள். தலவில தேவாலயத்துக்குப் போய் அன்னம்மாளுக்கு நேர்த்தி செலுத்திவிட்டு, அந்தக் கிழமையே அவன் திரும்பக் கடலுக்குப் போனான். ஆம்பிளை என்றால் இவன்தான் என்று கரை முழுக்க மெச்சியது. எல்லாருக்கும் மேலாக மெச்சியவள் டயனா. யன்னலில் நின்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தம்பியின் தைரியத்தைச் சொன்னாள்.

"எனக்கு ஏன் சொல்லல்ல?" என்றாள்.

"வெக்கமா இருந்துச்சு" என்றான் ஜூட். "நீ எல்லாருக்கும் என்னைப் பெருமையாச் சொல்லிக்கொண்டு இருந்தாய்."

டயனாவுக்கு அழுகை வந்தது. பஸ்ஸில் போகிறவனின் செருப்பை விசாரித்தவள், பால்காரனின் மனதை அளந்தவள், கூடப் பிறந்தவனை ஒரு சொல் கேட்கவில்லை. அவனுக்காகவே ஊர் சுற்றினாள், அவனுக்காகவே பேசினாள், அவன் கரையேற இருந்த ஒரே வழியைத் தன் வாயாலேயே அடைத்தாள். பணிஸ் பையை வாசற்படியில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே தங்கரத்தினத்தின் வளவுக்கு நடந்தாள்.

அவர் வெங்காயம் கிண்டி எடுத்துக்கொண்டிருந்தார். அவள் படலையைத் தாண்டும்போதே சொல்லத் தொடங்கினாள். தான் அன்று சொன்னதைப் பெரிதாக எடுக்க வேண்டாம், கிணறு ஆழமான கிணறு, அளவாக இறைத்தால் ஒன்றும் ஆகாது, முதலாளி இன்னும் தொட்டிக்குக் காசு கட்டவில்லை, இப்போது ஓம் என்றாலும் போதும். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அண்டைக்கு நீ போனாப்பிறகு நான் நித்திரை கொள்ளேல்லை பிள்ளை" என்றார். "ஒரு தரம் எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வந்தனாங்கள். இந்தக் கிணறும் போனால் இனி எங்கை போறது? என்ரை மனிசி சொன்னவ, அந்தப் பிள்ளையாலதான் தப்பினாங்கள் எண்டு. இப்ப நீயே வந்து குடு எண்டுறாய். எனக்கு ஒண்டை மட்டும் சொல்லு. நீ அண்டைக்குச் சொன்னது பொய்யோ?"

டயனா கிணற்றைப் பார்த்தாள். பொய் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த மனிதர் நம்பிவிடுவார், ஊரில் அவர் நம்பும் ஒரே ஆள் அவள்.

"பொய்யில்ல அண்ணை" என்றாள்.

அவர் ஒரு பிடி வெங்காயத்தைத் தாளோடு கட்டி அவள் கையில் கொடுத்தார். அவளும் வாங்கிக்கொண்டாள்.

திரும்பும்போது றோட்டால் போகாமல் கடற்கரையால் நடந்தாள். பின்னேரப் போட்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. ஜூட் எஞ்சினைப் பூட்டிக்கொண்டு வந்து தன் போட்டையும் தள்ளினான். கூடப் போகும் பொடியன் ஏதோ பகிடி சொல்ல, அவன் உரக்கச் சிரிப்பது கரைவரை கேட்டது. எத்தனையோ நாள் இதே சிரிப்பைக் கேட்டுச் சந்தோசப்பட்டிருக்கிறாள். போட் அலையை வெட்டிக்கொண்டு போயிற்று. அவன் ஒரு கையால் எஞ்சினைப் பிடித்திருந்தான். மற்றக் கையை எங்கே வைத்திருக்கிறான் என்று அவள் எட்டி எட்டிப் பார்த்தாள், தூரத்தில் தெரியவில்லை.

புதுத் தொட்டி வந்துவிட்டது. ஐஸ் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறது. முதலாளிக்கும் போட்காரருக்கும் திருப்தி. டயனா இப்போதும் யன்னலில்தான் நிற்கிறாள். பின்னேரம் தம்பியின் போட் இறங்கினால், அது திரும்பி வரும்வரை அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.